உப ஜனாதிபதி ஹம்ப்ரியின் உடலில் ஓர் எழுத்துப் பிழை

1967-ம் வருஷம். அமெரிக்காவின் உப ஜனாதிபதி ஹ்யூபர்ட் ஹம்ப்ரியின் சிறுநீரில் ரத்தம் கலந்து வந்தது. டாக்டர்கள் பரிசோதித்தார்கள். சிறுநீரில் உதிர்ந்து வந்த செல்களை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்கள். புற்று நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் எழுந்தது. ஆனால் நிபுணர்கள் எல்லோரும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வெறும் அழற்சியாகவும் இருக்கலாம் என்று பட்டது. பொறுத்துப் பார்ப்போம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் செல்கள் மட்டும் ஆஸ்பத்திரியில் பத்திரமாக இருந்தன. 27 வருஷம் கழித்து, 1994-ல், விஞ்ஞானிகள் அவற்றை மறுபடியும் எடுத்துச் சோதித்தார்கள். இந்தத் தடவை சந்தேகத்துக்கு இடம் இருக்கவில்லை. புற்று நோயின் அடையாளம் 1967-லேயே அங்கே இருந்தது. ஆனால் அதைக் கேட்டுக்கொள்ள ஹம்ப்ரி உயிருடன் இல்லை. அவர் காலமாகி 16 வருஷம் ஆகியிருந்தது.

யார் இந்த ஹம்ப்ரி? அவரைக் கொன்ற நோய் இத்தனை காலம் ஒளிந்திருந்தது எப்படி? பிறகு அகப்பட்டது எப்படி?

மருந்துக் கடை மாடியில் பிறந்தவர்

அமெரிக்காவில் தெற்கு டகோட்டா என்று ஒரு ராஜ்யம். கோதுமை வயல்களும் பனிக் காற்றும் நிறைந்த பிரதேசம். அங்கே வாலஸ் என்ற குக்கிராமத்தில், 1911 மே 27-ந் தேதி, ஒரு மருந்துக் கடையின் மாடி அறையில் ஹம்ப்ரி பிறந்தார். கீழே கடை நடத்தியவர் அவருடைய தந்தை. பிறகு குடும்பம் டோலண்ட் என்ற சிற்றூருக்குக் குடி பெயர்ந்தது. பையன் பள்ளிக்கூடம் போன நேரம் போக மற்ற நேரமெல்லாம் கடையில்தான் இருப்பான். வியாபாரத்தோடு அரசியலும் அங்கேயே அவனுக்குப் பாடமாயிற்று. தந்தை வாடிக்கைக்காரர்களோடு ஓயாமல் அரசியல் பேசுகிறவர்.

நல்ல காலம் நீடிக்கவில்லை. விவசாயிகளின் கையில் பணம் வற்றியது. ஊரிலிருந்த பாங்குகள் மூழ்கின. கடனை அடைப்பதற்காகத் தந்தை சொந்த வீட்டையே விற்க வேண்டியதாயிற்று. மின்னஸோட்டா சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த ஹம்ப்ரி, படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ஊர் திரும்பினார். 1931-ல் தந்தையும் மகனும் ஹூரான் என்ற ஊரில் புதிய கடை திறந்தார்கள்.

கடை என்றால் உரிமம் பெற்ற மருந்தாளர் வேண்டுமல்லவா? ஹம்ப்ரி டென்வர் நகரத்துக்குப் போய், இரண்டு வருஷப் படிப்பை ஆறே மாதத்தில் படித்து முடித்துத் தேறி வந்தார். மனிதர்களுக்கு மட்டுமின்றிப் பன்றிகளுக்கும் அந்தக் கடையில் மருந்து கலந்து விற்றார்கள். 1936-ல் முரியல் பக் என்ற பெண்ணை மணந்தார்.

மருந்து விற்கும் தொழில் அவரை விட்டுப் போகவில்லை. பின்னாளில் செனட் சபை அங்கத்தினரானபோது, 1951-ல், அவரும் கார்ல் டர்ஹாம் என்ற இன்னொரு மருந்தாளரும் சேர்ந்து ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தார்கள். டாக்டர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்துகள் எவை, கடையில் கேட்டவுடன் கொடுக்கக் கூடியவை எவை என்று அமெரிக்காவில் தெளிவாகப் பிரித்து வைத்தது அந்தத் திருத்தம்தான்.

34 வயதில் மேயர்

1937-ல் ஹம்ப்ரி மறுபடியும் சர்வகலாசாலைக்குப் போனார். இரண்டு வருஷத்தில் பட்டம் பெற்றார். மேல் படிப்புக்காகத் தென் பகுதியிலுள்ள லூயிஸியானாவுக்குப் போனார். வெள்ளையருக்கு ஒரு குழாய், கறுப்பருக்கு ஒரு குழாய். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்று சட்டமே பிரித்து வைத்திருந்த பிரதேசம் அது. வடக்கே வளர்ந்த இளைஞருக்கு அந்தக் காட்சி மனத்தில் தைத்தது.

1943-ல் மினியாபொலிஸ் நகர மேயர் பதவிக்கு நின்று தோற்றார். 1945-ல் மறுபடி நின்று ஜெயித்தார். அப்போது வயது 34. வேலை கொடுப்பதில் நிறமும் மதமும் பார்க்கக் கூடாது என்று நகரத்தில் சட்டம் செய்தார்.

அவரை நாடறியச் செய்தது 1948 ஜூலையில் பிலடெல்பியாவில் நடந்த டெமக்ராட்டிக் கட்சி மகாநாடு. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை வேண்டும் என்று கட்சி தயங்காமல் சொல்ல வேண்டும் என மேடையேறி வாதாடினார், அந்த 37 வயது மேயர். பேச்சு பத்து நிமிஷத்துக்கு மேல் போகவில்லை. தென் பகுதிப் பிரதிநிதிகளில் ஒரு பகுதியினர் கோபத்தோடு வெளியேறினார்கள். கட்சி உடைந்து ட்ரூமன் தோற்பது நிச்சயம் என்று பலர் ஆரூடம் சொன்னார்கள். ட்ரூமன் ஜெயித்தார். அதே நவம்பரில் ஹம்ப்ரியும் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கோதுமையும் சட்டமும்

நம் நாட்டில் பெரியவர்களுக்குப் பி.எல். 480 கோதுமை நினைவிருக்கும். ரேஷன் கடையில் வரிசையில் நின்று வாங்கிய கோதுமை. அமெரிக்காவில் மிஞ்சிய தானியத்தைப் பிற நாடுகளுக்கு அனுப்ப வழி செய்த அந்தச் சட்டம் 1954-ல் பிறந்தது. அதற்குச் செனட் சபையில் பெரிய ஆதரவாளராக நின்றவர்களில் ஹம்ப்ரி ஒருவர். 1966 ஜனவரியில் லால் பகதூர் சாஸ்திரியின் இறுதிச் சடங்குக்கு அமெரிக்காவின் சார்பில் டில்லிக்கு வந்தவரும் அவரே.

அவர் வாழ்க்கையின் சிகரம் 1964-ம் வருஷம். கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் சிவில் உரிமை மசோதாவைச் செனட்டில் நடத்திச் செல்லும் பொறுப்பு அவரிடம் வந்தது. எதிர்ப்பாளர்கள் நாள் கணக்கில் பேசிக்கொண்டே இருந்து மசோதாவை வீழ்த்தப் பார்த்தார்கள். 60 நாள் இந்தக் கூத்து நடந்தது. ஹம்ப்ரி கோபப்படவில்லை. எதிர்க் கட்சித் தலைவரைக் கூடச் சிறுகச் சிறுகத் தம் பக்கம் இழுத்தார்.

ஜூன் 10-ந் தேதி வோட்டு எடுத்தார்கள். கலிபோர்னியாவின் செனட்டர் க்ளேர் எங்கிள் மூளையில் கட்டி வந்து பேச்சிழந்திருந்தார். அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டு வந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது அவர் தம் கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணுக்கும் சம்மதத்துக்கும் ஒலி ஒன்றுதானே! 71-க்கு 29 என்று பேச்சுக்கு முற்றுப்புள்ளி விழுந்தது. ஜூலை 2-ந் தேதி மசோதா சட்டமாயிற்று.

அந்த வருஷமே ஜான்ஸன் அவரைத் தம் உப ஜனாதிபதி அபேட்சகராகத் தேர்ந்தெடுத்தார். 1965 ஜனவரியில் ஹம்ப்ரி பதவி ஏற்றார்.

தோல்வியும் நோயும்

பதவிக்கு வந்த இரண்டாவது வருஷ முடிவுக்குப் பிறகுதான் சிறுநீரில் ரத்தம் கண்டது. சிறுநீர்ப் பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சிறு துண்டு எடுத்தும் சோதித்தார்கள். உறுதியான முடிவு கிடைக்கவில்லை.

அதற்குள் அரசியல் புயல் வந்துவிட்டது. வியட்நாம் யுத்தத்தால் வெறுப்புக்கு ஆளான ஜான்ஸன், மறுபடியும் நிற்பதில்லை என்று 1968 மார்ச்சில் அறிவித்தார். ஜூனில் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு இறந்தார். ஆகஸ்டில் சிகாகோ மகாநாட்டில் ஹம்ப்ரி ஜனாதிபதி அபேட்சகரானார். வெளியே தெருவில் போலீஸாரும் யுத்த எதிர்ப்பாளர்களும் மோதிக்கொண்டார்கள். ஜான்ஸனின் யுத்தக் கொள்கையைச் சுமந்தபடியே ஹம்ப்ரி ஊர் ஊராகப் போனார். அடுத்த வாரமே இந்த வித்தியாசம் குறையும் என்று பேசும் அளவுக்குக் கடைசி நாட்களில் நிக்ஸனை நெருங்கிவிட்டார். ஆனால் போதவில்லை. ஏழு கோடிக்கு மேற்பட்ட வோட்டுகளில் சுமார் ஐந்து லட்சம் வித்தியாசத்தில் தோற்றார்.

தோற்றவர் மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1970-ல் மறுபடியும் செனட்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நோயும் விடவில்லை. 1973-ல் சிறுநீர்ப் பைப் புற்று நோய்க்காகக் கதிர் வீச்சுச் சிகிச்சை செய்தார்கள். 1976-ல் கட்டி சதைச் சுவருக்குள் ஆழமாக இறங்கிவிட்டது தெரிந்தது. அக்டோபரில் நியூ யார்க்கில் சிறுநீர்ப் பையையே எடுத்துவிட்டார்கள். அடுத்த மாதமே தேர்தல். மின்னஸோட்டா மக்கள் அவரை மறுபடியும் செனட்டுக்கு அனுப்பினார்கள்.

1977 ஆகஸ்டில் வயிற்றைத் திறந்து பார்த்த டாக்டர்கள், நோய் பரவிவிட்டது, இனி அறுத்தெடுக்க முடியாது என்று கண்டார்கள். அக்டோபர் 25-ந் தேதி, மெலிந்து வெளுத்த ஹம்ப்ரி செனட் சபைக்குள் நுழைந்தபோது, கட்சி வேற்றுமையின்றி எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். தம்மைத் தோற்கடித்த நிக்ஸனை அவரே டெலிபோனில் அழைத்துப் பேசினார். வாட்டர்கேட் விவகாரத்தில் ராஜினாமா செய்தபின் தலைநகரையே எட்டிப் பாராத நிக்ஸன், ஹம்ப்ரிக்கு அஞ்சலி செலுத்துவதற்காக முதல் தடவையாக வாஷிங்டன் வந்தார்.

1978 ஜனவரி 13-ந் தேதி, வேவர்லி என்ற ஊரிலுள்ள தம் வீட்டில் ஹம்ப்ரி காலமானார். வயது 66. அவருடைய செனட் ஸ்தானத்தில் மனைவி முரியல் நியமிக்கப்பட்டார்.

புரூப் திருத்துபவர் தூங்கினால்

இனி நோயின் கதை. நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. நான்கே நான்கு எழுத்துக்களால் எழுதிய ஒரு பெரும் புத்தகம் என்று அதைச் சொல்லலாம். சுமார் 300 கோடி எழுத்துக்கள். அதில் உள்ள வாக்கியங்கள்தான் ஜீன்கள், அதாவது மரபணுக்கள். ஒரு செல் இரண்டாகும் ஒவ்வொரு தடவையும் இந்தப் புத்தகம் முழுவதையும் நகல் எடுத்தாக வேண்டும். நகல் எடுக்கும்போது பிழை வராமல் இருக்குமா? அச்சுக் கோக்கும்போது ஓர் எழுத்து மாறினால் கடல் உடலாகிவிடுகிறதே, அது போல.

பத்திரிகை ஆபீஸில் புரூப் திருத்துபவர் இருப்பதைப் போல் செல்லுக்கும் ஒருவர் உண்டு. பி-53 என்று பெயர். பிழை கண்டால் வேலையை நிறுத்துவார். திருத்தச் சொல்வார். திருத்தவே முடியாது என்றால் அந்தச் செல்லையே மடியச் செய்துவிடுவார். அவரையே உண்டாக்கும் மரபணுவில் எழுத்துப் பிழை வந்துவிட்டால் என்ன ஆகும்? தடுப்பார் இல்லை. பிழைக்கு மேல் பிழை சேரும். செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகும்.

இந்தப் பி-53-ஐ விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது 1979-ல், ஹம்ப்ரி இறந்த மறு வருஷம். அது புற்று நோயைத் தடுக்கும் காவல்காரன் என்று புரிந்தது 1989-ல். 1991-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையின் டாக்டர் டேவிட் ஸிட்ரான்ஸ்கியும் அவர் குழுவினரும், சிறுநீர்ப் பைப் புற்று நோயாளிகளின் சிறுநீரிலேயே இந்தப் பிழையைக் கண்டு பிடிக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு சிறு டி.என்.ஏ. துணுக்கைக் கோடிக் கணக்கில் பெருக்கிக் காட்டும் புதிய முறை 1980-களில் வந்துவிட்டதால் இது சாத்தியமாயிற்று.

பிறகுதான் டாக்டர் ரால்ப் ஹ்ரூபனும் ஸிட்ரான்ஸ்கியும் சகாக்களும் ஹம்ப்ரியின் பழைய செல்களை எடுத்தார்கள். முதலில் 1976-ல் வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்தார்கள். பி-53 மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அடுத்து 1967-ம் வருஷச் சிறுநீர்ச் செல்களில் அதே இடத்தைப் பார்த்தார்கள். அதே எழுத்து, அதே மாற்றம்! சிறுநீர்ப் பையை எடுப்பதற்கு ஒன்பது வருஷம் முன்பே, ஜனாதிபதித் தேர்தலுக்கும் ஒரு வருஷம் முன்பே, நோய் தன் கையெழுத்தைப் போட்டுவிட்டிருந்தது. 1967-ல் டாக்டர்கள் செல்லின் உருவத்தைத்தான் பார்க்க முடிந்தது. எழுத்தைப் படிக்கும் வித்தை அன்று உலகில் எவரிடமும் இல்லை.

எல்லாப் பிழையும் ஒன்றல்ல

இதில் இரண்டு வகை உண்டு என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. ஒன்று, பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வரும் வேறுபாடு. புகையிலைப் புகையிலும் சில சாயப் பொருள்களிலும் உள்ள நஞ்சை நம் உடல் முறித்து வெளியேற்றுகிறது. நாட்-2 என்ற மரபணுவின் ஒரு வகையைப் பெற்றவர்களுக்கு இந்த வேலை மெதுவாக நடக்கும். அத்தகையவர்கள் சிகரெட்டும் பிடித்தால், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சிறுநீர்ப் பைப் புற்று நோய் வரும் வாய்ப்பு அதிகம். சாயத் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு இந்நோய் வருவதை 1895-லேயே ஜெர்மன் டாக்டர் லுட்விக் ரேன் கவனித்துச் சொன்னார்.

இரண்டாவது வகை, வாழ்நாளில் ஒரு செல்லில் புதிதாக நேரும் பிழை. ஹம்ப்ரியின் கட்டியில் கண்டது இது போன்றது. இதிலும் இனம் உண்டு. எப்.ஜி.எப்.ஆர்-3 என்ற மரபணுவில் பிழை ஏற்பட்ட கட்டிகள் பெரும்பாலும் மேலாகவே இருக்கும். எடுத்தாலும் திரும்பத் திரும்ப முளைக்கும். ஆனால் ஆழமாக இறங்குவது குறைவு. பி-53 பிழை கொண்டவையோ ஆழமாகப் பாயும் முரட்டுக் கட்டிகளில் அதிகம் காணப்படுகின்றன. இ.ஆர்.ஸி.ஸி-2 என்ற, பழுது பார்க்கும் மரபணுவில் பிழை உள்ள கட்டிகள் சிஸ்பிளாட்டின் மருந்துக்கு நன்றாக மடிகின்றன என்று 2014-ல் தெரிந்தது. எதிரியின் பலவீனமே நமக்கு ஆயுதம்! எப்.ஜி.எப்.ஆர்-3 பிழையைக் குறி வைத்துத் தாக்கும் எர்டாபிட்டினிப் என்ற மாத்திரைக்கு 2019-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதி கொடுத்தது.

ஆனால் எழுத்தைப் படித்துவிட்டால் தலையெழுத்தையே படித்ததாகாது. பி-53 நிலையைப் பார்த்து யாருக்கு மருந்து கொடுப்பது என்று தீர்மானிக்கலாமா எனப் பெரிய சோதனை ஒன்று நடத்தினார்கள். 2011-ல் முடிவு வெளிவந்தது. அந்த ஒன்றை மட்டும் நம்பி நோயின் போக்கைக் கணிக்க முடியவில்லை. ஆகவே சிறுநீர்ப் பைக்குள் குழாய் விட்டு நேரில் பார்ப்பதும், கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று அறிவதும் இன்றைக்கும் அவசியமே.

இன்னொரு விசித்திரம். ஹம்ப்ரியின் சிறுநீர்ப் பையை அகற்றிய அதே 1976-ல், கனடாவில் டாக்டர் ஆல்வாரோ மொரேல்ஸ் ஒரு புதிய சிகிச்சையை வெளியிட்டார். க்ஷயரோகத்தைத் தடுக்க நம் குழந்தைகளுக்குப் போடுகிறோமே, அந்தப் பி.ஸி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப் பைக்குள் செலுத்தினார். மேலாக உள்ள கட்டிகள் மீண்டும் முளைப்பது குறைந்தது. இன்று உலகெங்கும் வழக்கத்திலுள்ள சிகிச்சை அது. ஆழமாக இறங்கிவிட்ட கட்டிக்கு அது உதவாது. ஹம்ப்ரியின் கட்டி அதற்குள் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது.

1967-லேயே அந்த எழுத்தைப் படித்திருந்தால் டாக்டர்கள் காத்திருந்திருக்க மாட்டார்கள். மருந்துக்கும் டாக்டர் சீட்டுக்கும் நாட்டில் ஒழுங்கு ஏற்படுத்திய மனிதருக்கு, தம் உடலில் எழுதியிருந்ததைப் படிக்க ஆள் கிடைக்கவில்லை. குறை டாக்டர்கள் பேரில் அல்ல, காலத்தின் பேரில்.

நமக்கு அந்தக் குறை இல்லை. சிறுநீரில் ரத்தம் வந்தால், அதுவும் வலியே இல்லாமல் வந்தால், ஒரே ஒரு தடவை வந்து நின்றுவிட்டாலும் கூட, சூடு என்று எண்ணி மோர் குடித்துவிட்டுச் சும்மா இருந்துவிடக் கூடாது. கல்லாகவோ, கிருமியாகவோ இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். புகை பிடிக்கிறவர்கள் அன்றைக்கே போக வேண்டும்; சிகரெட்டை அன்றைக்கே விட வேண்டும். ஹம்ப்ரிக்கு 1967-ல் கிடைத்த எச்சரிக்கையும் அதுதான்: சிறுநீரில் சிறிது ரத்தம்.